பெரியப்பாவின் ஹோண்டா சிபி750 பிளாஸ்டிக் மாடல்: முழுசாகப் பிரிப்பதா, துடைத்து வைப்பதா?

பாமணிக்கரை, மார்ச் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு வருடமாக இந்த மாடல் கிட் குழுவில் உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எனக்கே ஒரு யோசனை கேட்க வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டர். 1981-ல் விடுமுறைக்கு வந்தபோது சேலை, டார்ச் லைட், கோடாலித் தைலத்தோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் வந்தது. தமியா என்ற ஜப்பான் கம்பெனியின் ஹோண்டா சிபி750 ஃபோர் மோட்டார் சைக்கிள் கிட், துண்டு துண்டாக வரும், ஒட்டிச் சேர்க்க வேண்டும், நிஜ வண்டியில் 1/6 அளவு. இரண்டு மாத விடுமுறையில் திண்ணையில் உட்கார்ந்தே ஒட்டி முடித்தார். எனக்கு அப்போது ஆறு வயது. அவர் வெட்டித் தரும் துண்டுகளை எண் பார்த்து எவர்சில்வர் தட்டில் அடுக்கி வைப்பது என் வேலை. ஒரு துண்டு திண்ணை இடுக்கில் விழுந்துவிட்டால் அன்றைய பொழுது தேடுவதிலேயே போய்விடும்.

2009-ல் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அதுவரை கூடத்து அலமாரியில் நின்ற வண்டி பரணுக்குப் போனது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் ஓடு பறந்து பரணில் இருந்ததெல்லாம் நனைந்தது. அட்டைப்பெட்டி கூழாகிவிட்டது, விளக்கத்தாள் கட்டியாக ஒட்டிக்கொண்டது. வண்டியை மட்டும் துடைத்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மறுபடி மேலே வைத்தோம். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அவிழ்த்துப் பார்த்தேன்.

இப்போதைய நிலைமை இது. டேங்கில் பெரியப்பா வீட்டுக் கதவுக்கு அடிக்கும் சிவப்பு எனாமலைத்தான் தூரிகையால் அடித்திருக்கிறார், அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு கறுப்பு வினைல் குழாய் டேங்கின் இடப்பக்கம் படிந்து கிடந்த இடத்தில் பள்ளம் விழுந்து பிசுபிசுக்கிறது. முன் டயர் ரிம்மைத் தின்றிருக்கிறது. எஞ்சினுக்கு அடித்த சில்வர் செதில் செதிலாக உதிர்கிறது. சைலன்சர்களில் குரோம் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. ஃபோர்க் ஸ்பிரிங்கும் திருகுகளும் துரு. நான்கு கார்புரேட்டர்களில் ஒன்றின் அடிக்கிண்ணத்தைக் காணோம்.

இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். கிளட்ச் லீவர் அப்போதே உடைந்து, பெரியப்பா மூங்கில் சிம்பைச் சீவி ஒன்று செய்து சில்வர் அடித்து வைத்திருக்கிறார். பின்னால் நம்பர் பிளேட்டில் வெள்ளை அடித்துக் கறுப்பில் "மன்னை 1" என்று எழுதியிருக்கிறார். எழுத்து ஒவ்வொன்றும் அரிசி அளவுதான், ஆனால் 'ன்'னின் புள்ளிகூடத் தெளிவாக இருக்கிறது.

முழுசாகப் பிரித்துப் புது வண்டி மாதிரி ஆக்குவதா, அழுக்கைத் துடைத்து அப்படியே வைப்பதா? பெரியம்மாவிடம் கேட்டேன். "உனக்குத் தோணுறதைச் செய், வீட்டை விட்டு மட்டும் கொண்டுபோகாதே" என்றார்.

தஞ்சை மேலவீதி, மார்ச் 8, இரவு 11.15

தம்பி, முதலில் அந்தப் பையைத் தூக்கிப் போடுங்கள். வண்டியைக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். எதையும் தொடுவதற்கு முன் சுற்றிச் சுற்றி நூறு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கத்தாள் கூழாகிவிட்டதால் உங்களுக்கு இனி அந்தப் படங்கள்தான் விளக்கத்தாள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பிரித்தே ஆக வேண்டும். காரணம் அழகு இல்லை. வினைல் தானாக வளையாது, அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். வருடக்கணக்கில் அது மெல்ல வெளியே கசியும். உடல் பாகங்கள் பாலிஸ்டைரீன் (சுருக்கமாக ஸ்டைரீன்) என்ற கெட்டி பிளாஸ்டிக், அந்தக் கசிவு பட்டால் இளகிவிடும். ரிம்மில் நடந்ததும் டேங்கில் நடந்ததும் ஒன்றுதான். எந்தக் கம்பெனி கிட்டாக இருந்தாலும் வினைலும் ஸ்டைரீனும் பல வருடம் ஒட்டிக் கிடந்தால் இது நடக்கும். பரண் சூடும் மூடிய பையும் சேர்ந்து வேகப்படுத்தியிருக்கும். நீங்கள் துடைத்து அலமாரியில் வைத்தாலும் டயர் ரிம்மைத் தின்றுகொண்டேதான் இருக்கும். ஆகவே குறைந்தது டயர், குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும்.

எது ஸ்டைரீன், எது வினைல் என்று சந்தேகம் வந்தால் உதிரித் துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இரண்டும் மூழ்கும். பிறகு அந்தத் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். ஸ்டைரீன் மிதக்கத் தொடங்கும்போதும் வினைல் மூழ்கியே கிடக்கும்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் வண்டிப் பக்கமே வரக்கூடாது. துருப்பிடித்த ஸ்பிரிங்குக்குத் தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் ஊறினால் ஸ்டைரீன் அழுத்தம் உள்ள இடத்தில் கீறல் விடும். ஸ்பிரிங்கைக் கழற்றி வினிகரில் ஒரு இரவு ஊற வைத்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து, சிலிக்கான் கிரீஸ் தொட்டு வைத்தால் போதும்.

பழைய டியூப் பசை ஒட்டு பிரிய வேண்டுமானால் பாகத்தை ஃப்ரீசரில் ஒரு இரவு வையுங்கள். வழிந்து திரண்ட பசை குளிரில் மொறுமொறுப்பாகிவிடும், மெல்ல நெம்பினால் 'டிக்' என்று விடும். ஆனால் சரியாக உருகிச் சேர்ந்த ஒட்டு இனி ஒட்டே இல்லை, ஒரே பிளாஸ்டிக். எஞ்சின் பாதிகள் அப்படித்தான் இருக்கும். அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள்.

நாகை உப்புக்காற்று, மார்ச் 9, காலை 6.50

மேலவீதி ஐயா சொன்ன டயர், குழாய் விஷயம் சரி. அதோடு நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பா ஒட்டிய ஏர்ஃபிக்ஸ் ஹோண்டா சிபி450 ஒன்று வீட்டில் இருந்தது, 1/16 அளவு, உள்ளங்கைக்கு அடக்கம். பத்து வருடம் முன்னால் உற்சாகத்தில் பெயிண்ட் எல்லாம் உரித்து, பசை வழிந்த இடமெல்லாம் தேய்த்து, காற்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் புதுசாக அடித்தேன். வேலை சுத்தமாக வந்தது. அம்மாவிடம் காட்டினேன். "அப்பா வச்சிருந்தாரே, அது எங்கே?" என்று கேட்டார். கையில் இருப்பதுதான் அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தமியா தன் பழைய 1/6 வண்டிகளை அவ்வப்போது மறுபடி வெளியிடுகிறது. பளபளப்பான சிபி750 வேண்டுமானால் காத்திருந்து ஒன்று வாங்கிப் புதிதாகச் செய்யுங்கள். மூங்கில் லீவர் உள்ள வண்டி எந்தக் கடையிலும் வராது.

வெண்ணாறு, மார்ச் 9, மதியம் 1.20

நீடாமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பொம்மை வண்டி நான் அதிகம் செய்ததில்லை, நிஜ வண்டி பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

சிபி750-ஐ 1968-ல் டோக்கியோ மோட்டார் ஷோவில் காட்டினார்கள், 1969-ல் விற்பனைக்கு வந்தது. 736 சிசி, நான்கு சிலிண்டர் குறுக்கே வரிசையாக, முன்னால் டிஸ்க் பிரேக். நம் ஊரில் அப்போது புல்லட், ஜாவா, ராஜ்தூத் என்று ஒன்றிரண்டு சிலிண்டருக்கு மேல் யாரும் பார்த்ததில்லை. உங்கள் பெரியப்பா சிங்கப்பூர் ரோட்டில் இதைப் பார்த்திருந்தால், நான்கு சைலன்சர் சத்தத்தையும் கேட்டிருந்தால், பெட்டியைச் சுமந்து வந்ததில் ஆச்சரியமே இல்லை.

குழாய் கழற்றும்போது இரண்டை மனதில் வையுங்கள். இந்த வண்டிக்கு ஆயில் எஞ்சினுக்கு அடியில் தேங்கி நிற்காது. சீட்டுக்குக் கீழே வலப்பக்கம் தனி ஆயில் டேங்க், அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய் போகும், ஒரு குழாய் வரும். அடுத்தது பிளக் ஒயர். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் (coil) இரண்டுதான். ஒன்றிலிருந்து 1-க்கும் 4-க்கும், மற்றதிலிருந்து 2-க்கும் 3-க்கும். சிலிண்டர் எண்ணிக்கை ஓட்டுபவரின் இடது கைப்பக்கத்திலிருந்து. பெரியப்பா எப்படிக் கொடுத்திருக்கிறார் என்று கழற்றுவதற்கு முன் பாருங்கள்.

எஞ்சினில் உதிரும் சில்வரை எடுக்க பிரேக் ஆயில் போதும், டாட் 3 அல்லது 4. டாட் 5 வேண்டாம், அது சிலிக்கான், பெயிண்டை ஒன்றும் செய்யாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பாமணிக்கரை, மார்ச் 16, இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

நூற்று நாற்பது படம் எடுத்தேன். பிளக் ஒயரைப் பார்த்தேன் வெண்ணாறு அண்ணே. இடமிருந்து முதலாவதும் நான்காவதும் ஒரு காயிலுக்கு, நடு இரண்டும் மற்றதற்கு. பெரியப்பா சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்.

குழாய்களை வெந்நீரில் நனைத்த துணியால் சூடு காட்டி உருவினேன். டேங்கில் கிடந்தது மட்டும் வர மறுத்தது. பல்குத்தும் குச்சியால் ஓரத்திலிருந்து நெம்பியபோது அட்டை போல உரிந்தது. அடியில் பள்ளம் ஒரு மில்லிமீட்டர் ஆழம், மூன்று சென்டிமீட்டர் நீளம். எனாமலும் பிளாஸ்டிக்கும் குழைந்து, ஆறிய அல்வா மாதிரி இருந்தது.

முன் சக்கரத்தை ஃப்ரீசரில் வைத்தேன். பெரியம்மா மறுநாள் காலையில் பால் எடுக்கப் போய், "இது என்னடா சக்கரம்?" என்று கூப்பிட்டார். டயர் விறைத்துப் போயிருந்தது. விளிம்பை இரண்டு ஸ்பூன் காம்பால் தூக்கினேன், முக்கால் வட்டம் வரை சுலபமாக வந்தது. மீதி இடத்தில் ரிம்மின் குரோமையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. பக்கக் கவரில் இருந்த பிசுக்கை எடுக்க டர்பன்டைன் வாங்கினேன். கடையில் உதிரியாக ஊற்றிக் கொடுத்தது டர்பன்டைன் இல்லை, தின்னர். பஞ்சில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்ததும் பளபளப்பு போய், தோல் சுருங்கின மாதிரி ஆகிவிட்டது. மூக்கில் ஏறிய வாசனையிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். மேலவீதி ஐயா எச்சரித்த பிறகும் இப்படி ஆனதில் இரண்டு நாள் தூக்கம் இல்லை.

தஞ்சை மேலவீதி, மார்ச் 17, காலை 7.30

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் அப்படியே விடுங்கள், தின்னர் முழுதும் பறந்து மேற்பரப்பு மறுபடி கெட்டியாகட்டும். பிறகு 800, 1000, 2000 என்று மேலும் மேலும் நைஸான தண்ணீர் உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். ஆழம் அதிகம் இருக்காது. இனிமேல் எதை வாங்கினாலும் முதலில் உதிரித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டே வண்டியில் தொடுங்கள்.

டேங்க் பள்ளத்துக்கு ஒரு வழி. அந்தக் குழைந்த பாகத்தை முழுதும் சுரண்டி எடுங்கள், கொஞ்சம் விட்டாலும் மேலே போடும் பெயிண்ட் காயாது. பிறகு ஸ்டைரீன் ஸ்ப்ரூவை (கிட்டில் பாகங்கள் ஒட்டி வரும் சட்டம்) பொடியாக நறுக்கி மெல்லிய பிளாஸ்டிக் பசையில் போட்டு மூடிவைத்தால் மறுநாள் தேன் பதத்துக்கு வரும். அதை மெல்லிய மெல்லிய படலமாகப் பள்ளத்தில் வையுங்கள், ஒன்றுக்கொன்று இரண்டு நாள் இடைவெளி. நிரப்பியதும் டேங்கின் ஒரு பாகமாகவே ஆகிவிடும். அவசரப்பட்டு ஒரேயடியாக நிரப்பினால் உள்ளே பசை காயாமல் நின்று ஆறு மாதம் கழித்துக் குழி விழும்.

குரோமைப் பொறுத்தவரை, நன்றாக இருக்கிற பாகத்தைத் தொடாதீர்கள். பாழானதை மட்டும் துணி வெளுக்கும் பிளீச்சில் போடுங்கள். குரோம் என்று நாம் சொல்வது உண்மையில் வெற்றிடத்தில் படிய வைத்த அலுமினியப் படலம், கண்ணால் பார்க்கும்போதே கரையும். அந்த பிளீச்சோடு ஆசிட் எதுவும் சேரக்கூடாது, விஷவாயு வரும். அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் படலம் இருக்கும். அதன்மேல் பளபளப்புக் கறுப்பு, நன்றாகக் காய்ந்த பிறகு குரோம் பெயிண்ட். கறுப்பில் தூசி இருந்தால் குரோமில் அது மலையாகத் தெரியும்.

ரிம்முக்கு இன்னொரு வழி உண்டு. பசையோடு வரும் மெல்லிய உலோகத்தாளை ஒட்டிப் பஞ்சுக்குச்சியால் நீவிவிடுவது. எங்கள் தெருப் பக்கம் தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத்தாள் ஒட்டுபவர்களைப் பார்த்துத்தான் நான் கை பழகினேன். அழுத்தித் தேய்த்தால் கிழியும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியேற்றினால் தாள் தானாகப் படியும். வினைல் டயர் ரிம்மை நேரடியாகத் தொடாமல் அந்தத் தாளே தடுப்பாகவும் இருக்கும்.

கமலாலயக்கரை, மார்ச் 17, இரவு 8.10

திருவாரூரில் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். அந்தக் கார்புரேட்டர் கிண்ணத்துக்கு வழி இருக்கிறது. நான்கில் மூன்று உங்களிடம் இருக்கிறது, நான்கும் ஒரே மாதிரி என்றால் அச்சு எடுத்துவிடலாம்.

பல் அளவு எடுக்கும் சிலிக்கான் பிசைமாவு இரண்டு டப்பாவாக வரும். சம அளவு எடுத்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, கிண்ணத்தை அதில் அழுத்துங்கள். லேடெக்ஸ் கையுறை வேண்டாம், அதிலுள்ள கந்தகம் சிலிக்கானை இறுக விடாது. சில நிமிஷத்தில் ரப்பராகிவிடும். கிண்ணத்தை எடுத்துவிட்டு எம்-சீலை நன்றாகக் கலந்து அந்தக் குழிக்குள் குச்சியால் திணியுங்கள், முதலில் மூலைகளில். மறுநாள் எடுத்து ஓரத்தைச் சீவினால் போதும். திருகுத் தலை வரை அச்சில் விழும்.

எங்கள் லேபில் இருக்கும் அக்ரிலிக் பவுடர், திரவம் யாராவது கொடுத்தால் அதைக் கிட்டின் மேலேயே போட்டுவிடாதீர்கள். அந்தத் திரவம் ஸ்டைரீனைக் கரைக்கும். தனி அச்சில் செய்து முழுதும் இறுகிய பிறகு ஒட்டலாம்.

பாமணிக்கரை, மார்ச் 17, இரவு 9.00

அக்கா, மிகவும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை திருவாரூர் வருகிறேன், கொஞ்சம் சிலிக்கான் கிடைக்குமா? கிண்ணத்தை மட்டும் சட்டைப் பையில் கொண்டுவருகிறேன். பெரியம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

கமலாலயக்கரை, மார்ச் 17, இரவு 9.12

வாங்க. கமலாலயக் குளம் மேல்கரையில் வந்து தனிச்செய்தி அனுப்புங்கள்.

அரசலாறு, மார்ச் 24, மாலை 5.45

சுவாமிமலை. வீட்டில் தலைமுறையாக வார்ப்பு வேலை. எஞ்சினுக்கு மறுபடி சில்வர் அடிக்கப் போவதால் ஒன்று சொல்கிறேன்.

சிபி750-ல் முதலில் வந்த 7,414 வண்டிகளின் எஞ்சின் உறைக்கு 'சாண்ட் காஸ்ட்' என்று பெயர், சேகரிப்பவர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள். பெயர் மணல் வார்ப்பு என்று இருந்தாலும் நிரந்தர அச்சில் உலோகத்தைச் சும்மா ஊற்றி எடுத்ததுதான். மேற்பரப்பு சொரசொரப்பாக வந்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. பிறகு அழுத்தி வார்க்கும் முறைக்கு மாறியதும் உறை வழுவழுப்பானது. இங்கே நாங்கள் மெழுகு உருவுக்கு மேல் காவிரி வண்டல் பூசுகிறோம், மண் எவ்வளவு நைசோ உலோகத்தின் தோலும் அவ்வளவு நைஸ். அதனால் அந்தச் சொரசொரப்பைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரக்கும். குழி நிரப்பும் பூச்சான 'புட்டி'யை (putty) நீர்த்த பதத்தில் தொட்டு, மயிர் தேய்ந்த தூரிகையால் குத்திக் குத்தி எடுத்தால் எஞ்சினில் அந்தத் தோல் வந்துவிடும். யோசித்துப் பாருங்கள்.

தஞ்சை மேலவீதி, மார்ச் 24, இரவு 7.20

அழகான தகவல். ஆனால் இந்த வண்டிக்கு வேண்டாம். ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று இது என்று நாமாகச் சொல்லிவிடக் கூடாது. அச்சில் எப்படி வந்ததோ அப்படியே விடுங்கள், நல்ல அலுமினிய நிறம் போதும்.

நாகை உப்புக்காற்று, மார்ச் 25, காலை 6.30

பெயிண்ட் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லாக்கர் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் பங்குனி, சித்திரையிலேயே முடித்துவிடுங்கள், அதுவும் காலை பத்து மணிக்கு மேல். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் அடித்தால் பூத்துப்போகும். தின்னர் வேகமாகப் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் பெயிண்டுக்குள்ளேயே படியும், அதுதான் அந்த வெள்ளைப் புகை. நாகையில் எனக்கு வருடத்தில் பாதி நாள் இந்தப் பாடுதான். கம்ப்ரசருக்கு ஈரம் பிடிக்கும் பில்டர் கட்டாயம். பஞ்சர் கடையில் காற்று வாங்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஏர்பிரஷ்ஷுக்கு 15-20 பிஎஸ்ஐ போதும், அங்கே அதைவிடப் பல மடங்கு வரும், தண்ணீரும் சேர்ந்து வரும்.

பாமணிக்கரை, ஏப்ரல் 13, மதியம் 2.30

எஞ்சின் முடிந்தது. பிரேக் ஆயிலில் ஒரு இரவு கிடந்ததில் பழைய சில்வர் பல் துலக்கும் பிரஷ்ஷிலேயே வந்துவிட்டது. சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு நாள் காயவைத்து, நேற்று வெயிலில் அலுமினிய நிறம் அடித்தேன். பூக்கவில்லை. கார்புரேட்டர் கிண்ணம் வந்துவிட்டது. நான்கையும் வரிசையில் வைத்து அக்காவுக்குப் படம் அனுப்பினேன், எது புதியது என்று அவருக்கே தெரியவில்லை. சைலன்சர் நான்கில் இரண்டைத்தான் பிளீச்சில் போட்டேன்.

இப்போது டேங்க். பள்ளம் நிரப்பித் தேய்த்தாகிவிட்டது. சிவப்பு எனாமலுக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறத் தீவு நிற்கிறது. என்ன செய்யட்டும்?

தஞ்சை மேலவீதி, ஏப்ரல் 13, மாலை 6.00

இங்கேதான் நான் உறுதியாக நிற்பேன். முழு டேங்கையும் உரியுங்கள். 1969 வண்டிக்கு ஹோண்டா கொடுத்த சிவப்பு கேண்டி ரூபி ரெட். கதவுப் பெயிண்ட் சிவப்பு இல்லை அது. அடியில் சில்வர், அதன்மேல் தமியா எக்ஸ்-27 கிளியர் ரெட் நான்கு மெல்லிய கோட். வெளிச்சம் உள்ளே போய்ச் சில்வரில் பட்டுத் திரும்பி வரும்போது மாதுளை முத்து மாதிரி ஒரு ஆழம் கிடைக்கும்.

தர்க்வினியோ ப்ரொவினி என்று ஒரு இத்தாலிய ரேஸர். 1957-ல் 125 சிசியிலும் 1958-ல் 250 சிசியிலும் உலக சாம்பியன். 1966-ல் ஐல் ஆஃப் மேனில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதோடு ரேஸ் போனது. அவர் படுத்துவிடவில்லை, பெயரின் முன்னெழுத்துகளைச் சேர்த்து ப்ரோட்டார் என்று கிட் கம்பெனியை நடத்தினார். அவர் வெளியிட்ட 1/9 மோட்டோ குஸ்ஸி வி8-ஐ ஒட்டும்போது, வண்டியில் உட்கார்ந்து ஓட்டிய கை செய்தது என்று ஒவ்வொரு பாகத்திலும் எனக்குத் தெரிந்தது. வண்டிக்கு நாம் கொடுக்கும் மரியாதை சரியான நிறத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நாகை உப்புக்காற்று, ஏப்ரல் 13, இரவு 8.40

ஐயா மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த டேங்கில் தூரிகை போன தடம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மூடியிலிருந்து சீட்டுப் பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறார், ஒரு இடத்தில்கூட நிறுத்தவில்லை. அதை உரித்தால் உரித்ததுதான்.

வெண்ணாறு, ஏப்ரல் 14, காலை 9.15

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். போன வருடம் ஒருவர் தாத்தாவின் ஜாவாவைக் கொண்டுவந்தார். டேங்கில் முட்டி பட்டுப் பட்டுப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மற்றதை எல்லாம் சரி செய்யச் சொன்னார், அந்த இரண்டு இடத்தைத் தொடக்கூடாது என்றார். துரு ஏறாமல் மேலே கிளியர் மட்டும் அடித்துக் கொடுத்தேன்.

தம்பி, அந்த எனாமல் இன்றும் விற்கிறது. பெயிண்ட் கடையில் சிக்னல் ரெட் கேட்டுப் பாருங்கள்.

பாமணிக்கரை, ஏப்ரல் 28, இரவு 10.30

இரண்டு வாரம் யோசித்தேன். மேலவீதி ஐயா சொன்ன மாதுளை நிறத்தை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்தும் பார்த்தேன். அவ்வளவு அழகு. கூடத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் டேங்கை உரிக்க எனக்கு மனம் வரவில்லை. சின்ன டப்பா சிக்னல் ரெட் வாங்கினேன். புதுப் பெயிண்ட் பழையதைவிடப் பிரகாசமாக இருந்தது. பல்குத்தும் குச்சி முனையில் கறுப்பும், பிறகு துளி பிரவுனும் சேர்த்து ஆறாவது தடவைதான் நிறம் சேர்ந்தது. தட்டையான தூரிகையில் எடுத்து, பெரியப்பா இழுத்த திசையிலேயே, மூடிப் பக்கத்திலிருந்து சீட்டுப் பக்கமாக இழுத்தேன். முதல் தடவை கை நடுங்கி நடுவில் நின்றுவிட்டது. உடனே மண்ணெண்ணெய்த் துணியால் தொட்டு எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்து, மறுநாள் காலையில் மறுபடி. மூன்றாம் நாள்தான் நிறுத்தாமல் இழுக்க முடிந்தது. அவர் எப்படி ஒரே மூச்சில் இழுத்தார் என்று அப்போது புரிந்தது. வெல்டிங் கை அது, நடுவில் நிறுத்திப் பழக்கமே இல்லை.

தஞ்சை மேலவீதி, ஏப்ரல் 29, காலை 7.00

படம் பார்த்தேன். நானாக இருந்தால் உரித்திருப்பேன், இப்போதும் அதுதான் என் கருத்து. ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனாமல் மெதுவாகக் காயும், ஒரு மாதம் ஆகட்டும். அதுவரை மேலே எதுவும் அடிக்காதீர்கள், விரல் படவும் கூடாது.

பாமணிக்கரை, ஜூன் 14, மாலை 6.20

மேட்டூர் திறந்த வாரத்தில் வண்டி எழுந்து நின்றது. 36 சென்டிமீட்டர் நீளம், கூடத்து அலமாரியில் பழைய இடத்திலேயே பொருந்தியது.

மூங்கில் லீவர் அப்படியே இருக்கிறது. கழற்றும்போது அதன் அடிப்பக்கம் பார்த்தேன். உள்ளே திருகு போகிற துளையைச் சூடான ஊசியால் சுட்டுப் போட்டிருக்கிறார், கருகிய வளையம் இன்னும் இருக்கிறது. மற்ற லீவரோடு வளைவு கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை. கிளட்ச் கேபிளுக்கு மட்டும் பழைய ஒயரிலிருந்து ஒரு செம்பு இழை எடுத்துப் போட்டேன்.

கடைசியாக நம்பர் பிளேட். துரு பிடித்த திருகை மாற்றி, நேராக வைத்து முடுக்கினேன். பெரியம்மா காபியோடு வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாம் சரி, அது நேரா இருக்காதே" என்றார். மார்ச் மாதம் எடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. திருகை அரைச் சுற்று தளர்த்தி, படத்தைப் பார்த்துச் சாய்த்துவிட்டு முடுக்கினேன்.

தஞ்சை மேலவீதி, ஜூன் 14, இரவு 8.05

சரி தம்பி, ரொம்ப சந்தோஷம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், டயர் அலமாரிப் பெயிண்டில் படாமல் அடியில் ஒரு கண்ணாடித் துண்டு வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிவிடுங்கள், எப்போதும் ஒரே இடம் அழுந்த வேண்டாம். அலமாரிக் கதவு இறுக்கமாக மூடினால் மேலே ஒரு சின்னத் துளையாவது போட்டு வையுங்கள், காற்று போகட்டும். ஆடியில் மன்னார்குடி வருகிறேன், அந்த லீவரை நேரில் பார்க்க வேண்டும்.